உறுதியும் படமும் உள்ள பெட்டிக்கு ஓர் ஈரப்பதன் காவல்: வீட்டில் கம்பியில்லா உணரியை அமைப்பது எப்படி?

வடக்கிலும் கிழக்கிலும் நான் போய்வந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பெட்டி இருக்கிறது. சிலருக்கு அது ட்ரங்குப் பெட்டி, சிலருக்குப் பழைய பிஸ்கட் ரின், சிலருக்கு இரும்பு அலுமாரியின் கீழ்த்தட்டு. உள்ளே காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்ததற்கான துண்டு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் பாடசாலைக் காலப் படம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் சைக்கிள் கரியரில் ஏறியவை, 2009இல் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டப்பட்டு வந்தவை இந்தக் காகிதங்கள். செல்லடிக்கும் தீக்கும் தப்பிய இவை, இப்போது வீட்டுக்குள் இருந்தபடியே ஈரலிப்பில் அழிந்துகொண்டிருக்கின்றன.

பூஞ்சணம் பிடித்த உறுதியை நொத்தாரிசிடம் கொண்டுபோய் வாசிக்க முடியாமல் நின்றவர்களையும், கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன மகனின் படத்தை உரித்தெடுக்க முடியாமல் தவித்த தாய்மாரையும் கண்டிருக்கிறேன். ஒரு விசாரணையில் கையில் கொடுக்க வேறொன்றும் இல்லாத குடும்பத்துக்கு அந்தப் படம் வெறும் நினைவுப் பொருள் அல்ல, அதுதான் சாட்சி. அதனால்தான் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறிய கருவியைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். வெப்பநிலையையும் ஈரப்பதனையும் அளந்து கைத்தொலைபேசிக்கு அனுப்பும் கம்பியில்லா உணரியே அது. இதை அமைப்பதற்கு மின்னியல் படித்திருக்கத் தேவையில்லை.

எண் சொல்வது என்ன?

கருவியின் முகப்பில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று வெப்பநிலை. மற்றையது பாடசாலையில் சாரீரப்பதன் என்று படித்தோமே, அது. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் இப்போது காற்றில் இருக்கிறது என்பதையே அது காட்டுகிறது.

சூடான காற்று கூடுதலான நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். 32 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 34 கிராம் நீராவியைத் தாங்கும். 25 பாகையில் 23 கிராம் மட்டுமே. பகலில் 32 பாகையில் 65 வீதம் காட்டிய அறையை அப்படியே பூட்டிவிட்டுப் படுத்தால், விடியற்புறம் வெப்பநிலை 25 பாகைக்கு இறங்கும்போது, ஒரு துளி நீர் புதிதாகச் சேராமலே ஈரப்பதன் 95 வீதத்தைத் தொட்டுவிடும். தகரக் கூரை வீடுகளில் பகலுக்கும் இரவுக்கும் இடையிலான இந்த ஏற்ற இறக்கம் ஓட்டு வீட்டைவிடக் கூடுதல். அதிகாலையில் தகரத்தின் உட்புறம் வியர்த்துச் சொட்டுவதன் காரணமும் இதுதான்.

காகிதத்துக்கும் படத்துக்கும் ஏற்ற அளவு 35 முதல் 50 வீதம் வரை. எமது காலநிலையில் குளிரூட்டி இல்லாமல் ஓர் அறையை அந்த அளவில் வைத்திருக்க முடியாது. ஆனால் ஒரு பெட்டியை வைத்திருக்கலாம். ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் தொடர்ந்து பல நாட்கள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும் ஆபத்து தொடங்குகிறது. 70, 75ஐத் தாண்டினால் அது விரைவாகப் பரவும், காகிதம் தின்னும் பூச்சிகளும் பெருகும். மறுபுறம் 30 வீதத்துக்குக் கீழே போனால் படத்தின் மேற்பூச்சு சுருண்டு வெடிக்கலாம். ஆகவே நாம் தேடுவது முற்றான உலர்வை அல்ல. 60ஐத் தாண்டாத ஒரு நிதானத்தை.

எந்த வகையை வாங்குவது?

சந்தையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது புளூடூத் வகை. ஷியோமி நிறுவனத்தின் சிறிய சதுரக் கருவியும் அதைப் போன்ற பலவும் இதில் அடங்கும். சீஆர் 2032 என்ற நாணய வடிவப் பற்றரி ஒன்றில் பல மாதங்கள் ஓடும். இணையம் வேண்டாம், ரவுட்டர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்கள் எமக்கு மறக்கவில்லை. அப்படியான நாளிலும் இது வேலை செய்யும். குறை என்னவென்றால், அதே வீட்டில் சுமார் பத்து மீற்றருக்குள் நின்றுதான் தொலைபேசியில் பார்க்க முடியும்.

இரண்டாவது வைபை வகை. வீட்டு ரவுட்டருடன் நேரே இணையும். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பிள்ளை கிளிநொச்சியில் உள்ள வீட்டின் வெப்பநிலையை அங்கிருந்தே பார்க்கலாம். அது பயன்படுத்தும் தரவு மிகச் சொற்பம். ஆனால் பற்றரி விரைவில் தீரும். சிலவற்றுக்கு யூஎஸ்பி மின்னிணைப்புத் தேவை.

மூன்றாவது ஸிக்பீ வகை. பற்றரி நீண்டகாலம் நிற்கும், ஆனால் வீட்டில் இன்னொரு மையக் கருவி பூட்டவேண்டும். பல அறைகள் உள்ள இடத்துக்கு, உதாரணமாக ஒரு நூலகத்துக்கோ பாடசாலைக்கோ, இது பொருந்தும். ஒரு பெட்டியைக் காக்க இவ்வளவு வேண்டியதில்லை.

காகிதப் பெட்டிக்கு நான் சொல்வது முகப்புத் திரை உள்ள புளூடூத் கருவி. தொலைபேசி இல்லாத மூதாளரும் திரையைப் பார்த்து எண்ணை வாசிக்கலாம்.

மின்னியலில் ஆர்வமுள்ள பிள்ளைகள் ஈஎஸ்பி 32 பலகையில் தாமே செய்துகொள்ளலாம். அப்படிச் செய்வதாயின் உணரியைக் கவனித்துத் தெரிவு செய்யவும். மலிவான டிஎச்டி 11 ஈரப்பதனில் 5 வீதமும் வெப்பநிலையில் 2 பாகையும் கூடக்குறையக் காட்டலாம். டிஎச்டி 22 அதைவிட நல்லது. எஸ்எச்டி 31 ஈரப்பதனில் 2 வீதத்துக்குள் நிற்கும். 60க்கும் 65க்கும் இடையில் முடிவெடுக்கவேண்டிய எமக்கு 5 வீதப் பிழை பெரிய பிழை.

அமைக்கும் முறை

1. பற்றரி மூடியைத் திறந்து, பற்றரிக்கும் தகட்டுக்கும் இடையில் உள்ள மெல்லிய பிளாஸ்ரிக் துண்டை இழுத்தெடுக்கவும். சிலவற்றில் பற்றரியை நாமே போடவேண்டும். கூட்டல் அடையாளம் உள்ள பக்கம் மூடியை நோக்கி இருக்கிறதா என்று பார்க்கவும். திரையில் எண்கள் தோன்றும்.

2. தொலைபேசியில் அந்த நிறுவனத்தின் செயலியை உத்தியோகபூர்வ செயலிக் களஞ்சியத்திலிருந்து மட்டும் இறக்கவும். கடைக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பும் கோப்பிலிருந்து இறக்கவேண்டாம்.

3. புளூடூத்தை இயக்கவும். பழைய அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் புளூடூத் கருவியைத் தேடுவதற்கு இருப்பிட அனுமதியும் தேவைப்படும். கருவி இணைந்தபின் அந்த அனுமதியை அமைப்புகளுக்குள் போய் மீளப் பெறலாம்.

4. சில செயலிகள் எந்த நாட்டுச் சேவையகம் என்று கேட்கும். சீனச் சந்தைக்கென உருவாக்கப்பட்ட கருவி, சீனச் சேவையகத்தைத் தெரிவு செய்தால்தான் இணையும். 'கருவி கிடைக்கவில்லை' என்று திரும்பத் திரும்ப வந்தால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

5. 'கருவியைச் சேர்' என்பதை அழுத்தி, தொலைபேசியைக் கருவிக்கு அருகில் பிடிக்கவும். தேவையானால் கருவியின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்கவும்.

6. வைபை வகையாயின் ஒரு விடயம் முக்கியம். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். உங்கள் ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸும் அதே பெயரில் இயங்கினால் இணைப்பு தடைப்படலாம். ரவுட்டரின் அமைப்பில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தால் தீரும்.

7. அலகைப் பாரன்ஹைட்டிலிருந்து செல்சியஸுக்கு மாற்றவும். செயலியில் எச்சரிக்கை வசதி இருந்தால் 65 வீதத்தில் வைக்கவும். பல புளூடூத் கருவிகளில் தொலைபேசி அருகில் இருக்கும்போது மட்டுமே எச்சரிக்கை வரும்.

கருவிக்கு ஒரு பெயர் வைக்கச் செயலி கேட்கும். அங்கே 'காணி உறுதிப் பெட்டி' என்று எழுதவேண்டாம். 'அறை 1' என்று எழுதினால் போதும். உங்கள் தொலைபேசி இன்னொருவர் கைக்குப் போனால், எதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை நீங்களே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

உப்புப் பரிசோதனை

புதிய கருவி சொல்லும் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். அதைச் சரிபார்க்கும் வழி குசினியிலேயே இருக்கிறது. ஒரு போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில துளி நீர் விட்டு, ஈர மணல் போலப் பிசையவும். உப்பு முழுதும் கரையக்கூடாது. அதையும் கருவியையும் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் டப்பாவில், ஒன்றையொன்று தொடாமல், 12 மணிநேரம் மூடி வைக்கவும். உப்பின் நிறைகரைசலுக்கு மேலே உள்ள காற்று எமது வெப்பநிலையில் எப்போதும் 75 வீதத்தில் நிற்கும். இது இயற்கை விதி. கருவியின் விலை எதுவானாலும் மாறாது.

கருவி 79 காட்டினால் அது 4 வீதம் கூட்டிக் காட்டுகிறது என்று அறியலாம். அந்த வித்தியாசத்தை ஒரு துண்டில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவிடுங்கள். வருடம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்வது நல்லது.

இரும்புப் பெட்டிக்குள் சமிக்ஞை போகாது

இரும்பு அலுமாரிக்குள் கருவியை வைத்துக் கதவைச் சாத்தியதும் தொலைபேசியில் ஒன்றும் வரவில்லை என்று பலர் முறையிடுவார்கள். கருவியில் பழுதில்லை. உலோகம் வானொலி அலைகளை மறிக்கும். அலுமாரிக் கதவு இடுக்கால் கொஞ்சம் கசியலாம்; இறுக்கமாக மூடிய ட்ரங்குப் பெட்டியிலிருந்து அதுவும் வராது.

இதற்குத் தீர்வு எளிது. ரப்பர் விளிம்புள்ள, ஒளி ஊடுபுகும் பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் காகிதங்களையும் கருவியையும் வையுங்கள். பிளாஸ்ரிக் அலையை மறிக்காது, வெளியிலிருந்தே திரையும் தெரியும். அந்தப் பெட்டியை நிலத்தில் வைக்காமலும், வெளிச்சுவரோடு முட்டாமலும், குசினியிலிருந்து தள்ளியும் வைக்கவும். மாரியில் வெள்ளம் ஏறும் ஊர்களில் மேசை உயரத்துக்கு மேலே வைப்பதே நல்லது. பூட்டிவைக்க வேண்டுமானால் அந்தப் பிளாஸ்ரிக் பெட்டியை அலுமாரிக்குள் வைத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை கதவைத் திறந்து பாருங்கள். இயலுமானால் இரண்டாவது கருவியொன்றை அறையில் வையுங்கள். உள்ளே 50, வெளியே 85 என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதுதான் பெட்டி வேலை செய்கிறது என்பது விளங்கும்.

எண்ணைப் பார்த்தபின் செய்யவேண்டியவை

முல்லைத்தீவில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, இறுக்கி மூடி வைச்சாக் காணாதோ? பிறகென்னத்துக்கு இது?" நல்ல கேள்வி. காகிதம் தானே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பொருள். கார்த்திகை மழையில் நனைந்த காற்றோடு பெட்டியை இறுக்கி மூடினால், அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். பொலித்தீன் பையில் இறுகச் சுற்றிய படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போவது இதனால்தான். எப்போது மூடுவது என்பதைச் சொல்லத்தான் கருவி வேண்டியிருக்கிறது.

மழை முடிந்து, வறண்ட காற்று வீசும் மாதங்களில், நண்பகலில் அறையின் எண் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று ஒரு கிழமை பாருங்கள். மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் காகிதங்களை நிழலில் பரப்பி, சில மணிநேரம் காற்றாட விட்டு, பின் பெட்டியில் அடுக்கி மூடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். மையும் படத்தின் நிறமும் வெளிறிவிடும்.

அதன்பின் சிலிக்கா ஜெல். ஈரப்பதன் 75 வீதத்தில் இருந்த ஒரு கிலோ காகிதத்தை 50 வீதத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 30 கிராம் நீரை அகற்றவேண்டும். சிலிக்கா ஜெல் அந்த நிலையில் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்களவு நீரை ஏற்கும். ஆகவே கிலோ காகிதத்துக்கு 150 முதல் 200 கிராம் வரை என்று கணக்கு வைக்கலாம். சப்பாத்துப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலம் ஒன்று இதற்குக் காணாது. நிறம் மாறும் வகையில் செம்மஞ்சளைத் தெரிவு செய்யுங்கள்; நீல நிற வகையில் உள்ள கோபால்ட் சேர்மம் நச்சுத்தன்மை கொண்டது. துணிப்பையில் கட்டி, காகிதத்தைத் தொடாமல் ஒரு மூலையில் வைக்கவும். நிறம் மாறியதும் துணியிலிருந்து வெளியே எடுத்து, 120 பாகையளவு சூட்டில் அவணில் இரண்டு மணிநேரம் உலர்த்தி, ஆறியபின் திரும்பப் பாவிக்கலாம். சிலிக்கா ஜெல் கிடைக்காத இடத்தில் நன்றாக வறுத்து ஆறவிட்ட அரிசி ஓரளவு உதவும்; ஆனால் பூச்சி வராமல் பார்த்து அடிக்கடி மாற்றவேண்டும்.

எண் 60க்குக் கீழே நின்றால் பெட்டியைத் தொடவேண்டாம். 60க்கும் 65க்கும் இடையில் நின்றால் சிலிக்கா ஜெல்லை மாற்றவும். 65க்கு மேல் மூன்று நான்கு நாட்கள் நின்றால் மூடியின் விளிம்பையும் உள்ளே இருப்பவற்றையும் சோதிக்கவும். 30க்குக் கீழே போனால் சிலிக்கா ஜெல்லில் பாதியை வெளியே எடுக்கவும்.

இத்துடன் இன்னும் சில. துருப்பிடித்த குண்டூசி, கிளிப் ஆகியவற்றை மெதுவாகக் கழற்றுங்கள். உறுதியையும் படத்தையும் லமினேற் செய்யவேண்டாம். உள்ளே அகப்பட்ட ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பிறகு அகற்ற வழியில்லை. மணக்கும் பீவீசீ உறைகளைத் தவிர்த்து, சாதாரண வெள்ளைக் காகித உறை பாவியுங்கள். வெப்பத்தாள் பற்றுச்சீட்டுகளும் பழைய பக்ஸ் தாள்களும் எந்த ஈரப்பதனிலும் மங்கிப்போகும். அவற்றை இன்றே பிரதி எடுக்கவும்.

அதே கருவி, இன்னொரு பயன்

தகரத்துக்கும் அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்கும் கீழே தனியே இருக்கும் மூதாளர்கள் எம்மிடையே பலர். போரில் காலை இழந்தோரும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்போரும் பலர். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட சிலருக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்வை சரியாக வராது. உடல் சூட்டைத் தானே தணிக்க முடியாது. அவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் மருத்துவத் தகவல் போன்றவை.

வெப்பநிலை 32 பாகையாகவும் ஈரப்பதன் 70 வீதமாகவும் இருந்தால், நிழலிலேயே உடல் உணரும் சூடு 41 பாகை அளவுக்குப் போகும். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுப்பது மாவட்டத்துக்கு. உங்கள் தகரக் கூரைக்குக் கீழே உள்ள கட்டிலுக்கு அல்ல. கருவியைக் கட்டிலின் தலைமாட்டு உயரத்தில், வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேரே படாமல் மாட்டுங்கள். அறை 35 பாகையைத் தாண்டினால் மின்விசிறி மட்டும் போதாது. ஈரத்துணியால் துடைப்பது, தண்ணீர் கொடுப்பது, மர நிழலுக்கு மாற்றுவது என்பவற்றைச் செய்யவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் நான் கேட்பது, எச்சரிக்கை உங்கள் தொலைபேசிக்கு வந்தால் மட்டும் போதாது என்பதை நினைவில் வையுங்கள். கனடாவில் இரவாக இருக்கும்போது இங்கே நண்பகல். பக்கத்து வீட்டில் ஒருவரது தொலைபேசியிலும் அதே செயலி இருக்கட்டும்.

தகவல் யாரிடம் போகிறது?

வைபை வகைக் கருவிகள் பெரும்பாலும் தரவை வெளிநாட்டுச் சேவையகத்துக்கு அனுப்புகின்றன. ஈரப்பதன் எண்ணை யார் பார்த்தாலும் பரவாயில்லை. ஆனால் அதோடு உங்கள் மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம், வீட்டின் இருப்பிடம் என்பனவும் சேர்ந்து போகலாம். கண்காணிப்போடு வாழ்ந்து பழகிய எமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. இதற்கென வேறொரு மின்னஞ்சல் திறவுங்கள். தொடர்பு இலக்கங்கள், ஒலிவாங்கி, கமரா ஆகியவற்றுக்கான அனுமதியைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்; ஈரப்பதன் அளக்க அவை தேவையில்லை. ரவுட்டரின் விருந்தினர் வலையமைப்பில் கருவியை இணைத்தால், அது வீட்டின் மற்றக் கணினிகளோடு பேசாது.

எந்தக் கருவியும் நெருப்பையோ வெள்ளத்தையோ தடுக்காது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த சுவடிகளில் பலவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. ஆகவே பெட்டியை மூடுவதற்கு முன், ஒவ்வொரு காகிதத்தின் இரு பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, ஒரு பிரதியை வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். படங்களின் பின்னால் பெயர், திகதி, எடுத்த இடம் ஆகியவற்றை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். அவற்றைச் சொல்லக்கூடிய மூத்தவர் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்து முடிக்கவேண்டும்.